சந்திரம்மாவின் மோட்டார்தான் முதலில்

சம்பந்தி வீட்டு வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, கீழே எதையோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். செங்கல்லாக இருக்கும் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் கவனித்தேன். சாம்பல் நிறத்தில், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு தகரப் பெட்டி. மேலே மூன்று ஒயர்கள் வெட்டுக்கிளி மீசை மாதிரி நீட்டிக்கொண்டு...

கெபாசிட்டர்!

போன வருடம் என் மாப்பிள்ளை கிரண் தன் ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து, ஊர்ப் பம்புசெட்டுகளுக்கென்று வாங்கிக் கொடுத்தது. மோட்டாரோடு இருக்க வேண்டிய பொருள், கதவோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"இது ஏங்க இங்க இருக்கு?" என்றேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"நல்ல வெயிட்டு பாவகாரு. செங்கல் வச்சா தேஞ்சு போவுது" என்றார் சம்பந்தி மல்லய்யா, பெருமையாக.

தெலுங்கில் சம்பந்திகள் ஒருவரையொருவர் மச்சான் முறை வைத்து 'பாவகாரு' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் மகள் சுஜி தன்னோடு வேலை பார்த்த கிரணைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. கிரணின் அப்பா மல்லய்யா, சேவெள்ளா தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு ஊரில் விவசாயி. நாங்கள் மதுரைக்காரர்கள், பிழைப்பு ஹைதராபாத் பாலாநகரில். இந்தக் கதையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தெலுங்கில்தான் பேசினார்கள். என் வசதிக்கு மதுரைத் தமிழில் போட்டிருக்கிறேன். தெலங்கானாக்காரர்கள் மன்னிப்பார்களாக!

என்னைப் பற்றி இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவு. வீட்டில் ஃப்யூஸ் போனால் என் மனைவி ராஜிதான் ஸ்டூல் போட்டு ஏறுவாள். நான் கீழே நின்று டார்ச் அடிப்பேன். அதையும் கோணலாக அடிப்பதாகப் புகார் உண்டு.

அப்பேர்ப்பட்ட நிபுணரைத்தான் சம்பந்தி ஆலோசனைக்கு அழைத்திருந்தார். காரணம், விளையாட்டு அல்ல.

அவர் வயல் இருக்கும் பக்கத்து போர் மோட்டார்கள் அத்தனைக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். இந்தப் போகத்தில் அது ஏற்கெனவே ஒரு முறை எரிந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து டிராக்டரில் ஏற்றி, கொண்டுபோய், சரி செய்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் நெல் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. எப்படியோ பிழைத்து இப்போதுதான் கதிர் பால் பிடிக்கிறது. இன்னொரு தடவை எரிந்தால்?

"அறுப்புக்கு அரிவாள் வேணாம் பாவகாரு. தீப்பெட்டி போதும்" என்றார் மல்லய்யா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஏன் எரிகிறது? அது எனக்குத் தெரியும். (ஆமாம், சில விஷயங்கள் எனக்கும் தெரியும்.) விவசாயத்துக்குக் கரென்ட் இலவசம். ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லா மோட்டாரிலும் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' என்று ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் வேண்டாம். கரென்ட் வந்ததும் மோட்டார் தானாகவே கிளம்பிவிடும். ஒரு மோட்டார் கிளம்பினால் பரவாயில்லை. அத்தனையும் ஒரே நொடியில் கிளம்பினால்? கல்யாணப் பந்தியில் கதவைத் திறந்ததும் எல்லோரும் ஒரே வாசலில் நுழைகிற மாதிரி... டிரான்ஸ்ஃபார்மர் பாவம், என்ன செய்யும்? புகைந்துவிடும்.

வைத்தியம் இரண்டு. ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராகக் கையால் போட வேண்டும். கூடவே மோட்டாருக்கு ஒரு கெபாசிட்டர் மாட்ட வேண்டும் — இழுக்கும் கரென்ட் குறையும். ஆனால் ஒரு வீடு மட்டும் செய்தால் பிரயோஜனமில்லை. எல்லோரும் செய்தால்தான் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும்.

இவ்வளவுதானே? எளிமையாக விளக்கினால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்ன?

விளக்கினேன். சம்பந்தி வீட்டு முற்றத்தில், அந்த டிரான்ஸ்ஃபார்மரை நம்பியிருக்கும் எல்லோரையும் கூட்டி, சார்ட் பேப்பரில் கலர் கலராகப் படம் போட்டு, பந்தி உதாரணம் எல்லாம் சொல்லி... எல்லோரும் தலையாட்டினார்கள். "ஹவ் சார், ஹவ் சார்" என்று ஆமாம் போட்டார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். சோள ரொட்டியும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டு, கிராமப் புரட்சியாளனாக ஊர் திரும்பினேன். திங்கட்கிழமை கேன்டீனில் என் அருகே உட்கார்ந்தவர்கள் எல்லாம் அந்தப் புரட்சியைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ராஜியோடு போனேன்.

கெபாசிட்டர் கதவடியிலேயே இருந்தது!

சரி, சம்பந்தி வீட்டில்தான் அலட்சியம் என்று தெருவுக்குள் போனேன். ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரமாக வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் பூஜை மாடத்தில், மஞ்சள் குங்குமத்தோடு. ஆயுத பூஜைக்கு வைத்தார்களாம். அப்புறம் எடுக்க மனசு வரவில்லையாம். மோட்டாரில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"ஏங்க மாட்டல?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

"எல்லாரும் மாட்டட்டும் சார், நானும் மாட்டிடறேன்."

ஒவ்வொருவரும் இதையே சொன்னார்கள். வார்த்தை மாறாமல்! முன்கூட்டியே ஒத்திகை பார்த்தது போல.

திரும்பி வந்து சம்பந்தியைப் பிடித்துக்கொண்டேன். "ஊரை விடுங்க. உங்க வயல்தானே காயப்போவுது? நீங்களாவது மாட்டியிருக்கலாம்ல?"

"நான் ஒருத்தன் மாட்டி என்ன ஆவும் பாவகாரு? நீங்கதானே படம் போட்டுச் சொன்னீங்க, ஒருத்தர் மாட்டினா பிரயோஜனம் இல்லேன்னு!"

என் அம்பு என் மேலேயே பாய்ந்தது. அத்தனை பேரில் பாடத்தைக் கவனித்த ஒரே ஒருவர், அதையும் இப்படியா கவனித்திருக்க வேண்டும்?

உண்மைக் காரணம் அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. சம்பந்தியம்மா லட்சுமம்மா சமையலறையில் ராஜியிடம் சொல்ல, ராஜி வெளியே வந்து என்னிடம் சொன்னாள்.

"இந்தாங்க, அந்த லைன்ல எல்லாரும் சந்திரம்மாங்கிறவுக முகத்தைப் பாத்துத்தான் எதையும் செய்வாகளாம். அவுக டிவி வாங்கினா இவுகளும் வாங்குவாக. அவுக விதை மாத்தினா இவுகளும் மாத்துவாக. அந்தச் சந்திரம்மா நம்ம சம்பந்தி வீட்ல இருந்து வர்ற எதையும் கையால தொட மாட்டாகளாம்."

"ஏன்?"

"நம்ம சுஜி கல்யாணத்துக்கு அவுகளுக்குப் பொட்டு வைக்கலையாம்."

எனக்கு விளங்கவில்லை. லட்சுமம்மாவே வந்து விளக்கினார். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பத்திரிகை கொடுப்பது பெரிய விஷயமே இல்லை. வீட்டுப் பெண்கள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய், அந்த வீட்டு அம்மாளின் நெற்றியில் பொட்டு வைத்து, "கல்யாணத்துக்கு வாங்க" என்று கூப்பிட வேண்டும். பொட்டு வைத்தால்தான் அழைப்பு. வைக்காவிட்டால்...

"வைக்காமயா விட்டீங்க?"

"எல்லா வீட்டுக்கும் போறதா இருந்தது அண்ணா. கல்யாணம் ஹைதராபாத்துல, வேலை தலைக்கு மேல. கிரண்தான், 'எதுக்கும்மா அலையறே, நான் பாத்துக்கறேன்'னு ஊர் முழுக்க ஒரே எஸ்.எம்.எஸ். போட்டுட்டான். மத்தவங்க திட்டிக்கிட்டே வந்து சாப்பிட்டுட்டுப் போனாங்க. சந்திரம்மா வரல. அன்னைலேர்ந்து பேச்சே இல்ல."

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"மாமா, எஃபிஷியன்ட்டா இருக்கட்டும்னுதான்..." என்றார் கிரண். "டெலிவரி ரிப்போர்ட்கூட வந்துச்சு மாமா. எல்லாருக்கும் போயிருந்தது."

பின்னாலிருந்து சுஜியின் குரல்: "அப்பா, நக்கோப்பா! வேணாம், அந்த டாபிக் எடுக்காதீங்க. இப்பவும் அத்தை இவரைப் பாத்தா முறைக்கிறாங்க."

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு பையன் பட்டனை அழுத்துகிறான். இரண்டு வருடம் கழித்து, அறுபது கிலோமீட்டரோ என்னவோ தள்ளி, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் புகைகிறது! எந்த வகுப்பில் எந்த வாத்தியார் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்?

என் மகளுக்குக் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான நண்பர்கள். 'புவி வெப்பமாகிறது, மின்சாரம் சேமிப்போம்' என்று யாரோ ஒருவர் பச்சை மரப் படம் போட்டால் எல்லோரும் பிடித்திருக்கிறது என்பார்கள். பிறகு ஏசியைக் குறைக்காமல் தூங்கப் போவார்கள். இந்த ஊரிலும் ஒரு வலை இருக்கிறது. கம்ப்யூட்டர் வேண்டாம், கரென்ட்டே வேண்டாம். யார் யார் வீட்டுப் பொட்டு யார் யார் நெற்றிக்குப் போகிறதோ, அந்த வழியாகத்தான் விதை போகிறது, உரம் போகிறது, கெபாசிட்டரும் போகும். அந்த வழி ஒரு வாசலில் அடைபட்டிருக்கிறது. நான் என்னடாவென்றால், சார்ட் பேப்பரைத் தூக்கிக்கொண்டு...

"பொட்டு வைக்கலேன்னா இப்ப வச்சாப் போச்சு" என்றாள் ராஜி.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுடி!"

"கல்யாணத்துக்கா வைக்கப் போறேன்? டப்பாவுக்கு வைக்கிறேன். மோட்டாருக்கு டப்பா மாட்டற விசேஷம், வாங்கன்னு கூப்பிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. லட்சுமம்மாவுக்கு வரவில்லை. அவர் ஏற்கெனவே குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டிருந்தார்.

சந்திரம்மா வீட்டு முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் அவர், காம்பு கிள்ளியபடி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நல்ல ஆகிருதி. நாங்கள் வருவதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டார். ஆனாலும் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான், "யாரு?" என்றார்.

"நாந்தான் சந்திரா" என்றார் லட்சுமம்மா. "இவங்க சம்பந்தியம்மா, சுஜியோட அம்மா. பொட்டு வச்சுக் கூப்பிட வந்தோம்."

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. மோட்டாருக்கு டப்பா மாட்டறோம்..."

சந்திரம்மா கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்கு என் நெத்தி இருக்கற எடம் தெரியல. டப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சா அக்கா?"

அந்த நேரம் பார்த்துத்தான் என் அறிவு வேலை செய்தது. ஒரு அடி முன்னால் போய், "அம்மா, டெக்னிக்கலா பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"இவரு யாரு?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் ராஜி, வேறு வழியில்லாமல்.

"ஓ, படம் போட்டுப் பேசினாரே, அவரா! எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னார். பேச்சு ரொம்ப நல்லா இருந்ததாம். சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சேன்னுதான் எல்லாரும் தலையாட்டினாங்களாம்."

மிளகாய் நெடியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. நெடியில்தான். விடாமல் கேட்டேன்: "அம்மா, டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சா உங்க வயலும்தானே காயும்?"

"காயட்டும்."

"உங்க நெல்லு..."

"காயட்டும் சார். இந்த போகம் போனா அடுத்த போகம் போட்டுக்கலாம். எல்லார் வீட்டுப் பொண்ணுங்களும் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு பஸ் ஏறுனாங்க. நான் இந்த வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன். 'நீ வரலையா சந்திரா?'ன்னு ஒவ்வொருத்தியும் கேட்டா. அதுக்கு எந்த டப்பாவை மாட்டுவீங்க?"

அதிர்ச்சி என்றால் இதுதான் அதிர்ச்சி. தன் நெல் காயும் என்று தெரிந்தே காயட்டும் என்கிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏதாவது லாப நஷ்டம் பேசினால் பதில் சொல்லலாம். இதற்கு என்னிடம் படமும் இல்லை, பாடமும் இல்லை.

ராஜி மிளகாய்க்கு நடுவே இடம் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள். தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் மெதுவாகப் பேசினாள்.

"உங்களுக்குப் பொட்டு வச்சிருக்கணும். வைக்கல. பொண்ணைப் பெத்தவ நான், நானாவது விசாரிச்சிருக்கணும். நடந்ததை இப்ப மாத்த முடியாது. ஆனா இதைக் கேளுங்க. மோட்டாரை இனிமே ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் போடணுமாம். யாராவது ஒருத்தர் மொதல்ல போடணும்ல? அது நீங்கதான். உங்க மோட்டார் ஓடின பிறகுதான் எங்க சம்பந்தி மோட்டார் ஓடும்."

லட்சுமம்மா சடாரென்று ராஜியைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறினாலும் முதல் ஆள், பந்தியில் உட்கார்ந்தாலும் முதல் ஆள்.

சந்திரம்மா கேட்டார்: "மல்லய்யா மோட்டாருக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"என்னிக்கோ ஒருநாளா? தினமுமா?"

ராஜி என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியிருப்பேன். "தினமும்" என்றாள்.

சந்திரம்மா எழுந்து உள்ளே போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கை கழுவி, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். தலையை லேசாகச் சாய்த்தார். லட்சுமம்மா வைத்த பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

வெளியே வந்ததும் லட்சுமம்மா ராஜியை அண்ணி முறை வைத்துக் கவலையோடு கேட்டார்: "எல்லாம் சரி வதினா. இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட யார் சொல்றது?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னேன். சம்பந்தி வயல் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவடியில் இருந்த கெபாசிட்டரை எடுத்தார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதுதான் அவர் பதில்.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சந்திரம்மாவின் மோட்டாரில், அதுவரை தொடாமல் போட்டு வைத்திருந்த பெட்டி ஏறியது. அதைப் பார்த்துப் பக்கத்து வயல், அதைப் பார்த்து அடுத்தது... ஊர் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஓடிக்கொண்டே இருந்தார். ஊறுகாய் ஜாடி மேலிருந்து ஒன்று இறங்கியது. பூஜை மாடத்திலிருந்து ஒன்று, கற்பூரம் காட்டிய பிறகு, இறங்கியது. பெட்டியைத் தொலைத்திருந்த இரண்டு பேர், புதிது ஒன்று வேண்டும் என்று கிரணுக்கே போன் செய்தார்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் அத்தனையும் கழன்றன. யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை. சந்திரம்மா மாட்டிவிட்டார். போதாதா?

மறுநாள் ஞாயிறு. கரென்ட் மத்தியானம் வரும் என்று பேச்சு. சம்பந்தியோடு வயலுக்குப் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒவ்வொரு மோட்டார் கொட்டகை வாசலிலும் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். எங்கள் கொட்டகையில் ஒரு குண்டு பல்பு தொங்கியது. கரென்ட் வந்தால் எரியும்.

எரிந்தது!

நான் தாவினேன். "போடுங்க பாவகாரு, போடுங்க!"

மல்லய்யா பச்சை பட்டனுக்கு மேலே விரலை வைத்தபடி அசையாமல் நின்றார்.

"சந்திரம்மா இன்னும் வரல."

"வராட்டி என்ன? கரென்ட் போயிடப் போவுது!"

"பொட்டு வச்சுச் சொல்லியாச்சு பாவகாரு."

வயலைப் பார்த்தேன். பால் பிடித்த கதிர். அடியில் ஈரம் மங்கிக்கொண்டிருந்தது. கரென்ட் இருக்கிறது, போரில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூடப் பட்டனைத் தொடவில்லை. பல்பு மட்டும் வேலைவெட்டி இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னேன்தான்... அதற்காக இப்படியா?

தூரத்து வரப்பில் ஒரு புடவை தெரிந்தது. சந்திரம்மா. ஓடி வருவார் என்று எதிர்பார்த்தேன். எதற்கு ஓட வேண்டும்? ஊரே காத்திருக்கிறதே! நிதானமாக வந்தார். வழியில் ஒரு களையைப் பிடுங்கினார். அதைத் தட்டி மண் உதிர்த்தார். வாய்க்காலில் கால் அலம்பினார். கொட்டகை வாசலில் நின்று, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார் — எல்லோரும் இருக்கிறோமா என்று எண்ணுகிற மாதிரி. பிறகு உள்ளே போனார்.

'டுர்ர்ர்...'

அந்தச் சத்தம் பிடித்துக்கொண்டதும் மல்லய்யாவின் விரல் இறங்கியது. எங்கள் மோட்டார் உறுமியது. கொஞ்சம் பொறுத்து அடுத்த கொட்டகை. கொஞ்சம் பொறுத்து அதற்கடுத்தது. நான் மோட்டாரைப் பார்க்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரையே பார்த்தேன். கடைசி மோட்டாரும் ஓடிவிட்டது. புகை இல்லை, பொறி இல்லை. உம்மென்று வேலை பார்த்தது, அவ்வளவுதான். குழாயிலிருந்து தண்ணீர் இரண்டு முறை இருமிவிட்டு வெள்ளையாகக் கொட்டியது.

"நெல்லு தப்பிச்சிருச்சு பாவகாரு" என்றேன். கண்கூடக் கொஞ்சம் கலங்கிவிட்டது எனக்கு.

மல்லய்யா தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இந்த போகம் தப்பிச்சிருச்சு. சந்திரம்மா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களாம். கல்யாணத்துக்கு அவங்க நமக்குப் பொட்டு வைக்காம விட்டாங்கன்னா, நான் மட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டரைத் திரும்ப மாட்டாம விட்டுருவேன்னு நினைக்கிறீங்களா?"